அண்ணன் குவைத்தில், வீடு திருப்பாதிரிப்புலியூரில், கதவில் வக்கீல் நோட்டீஸ்: என்ன செய்வது?

நீங்கள் எழுதியதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், இதில் சின்ன விவரம்கூட விஷயத்தை மாற்றிவிடும். அண்ணன் குவைத்தில் டிரைவர். அண்ணி பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். திருப்பாதிரிப்புலியூரில் வாடகைக்கு எடுத்த வீடு எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, சாமான் எல்லாம் உள்ளே. மாத வாடகை 7,500, அட்வான்ஸ் 25,000. கம்பெனியில் சம்பளத்தை இழுத்தடிப்பதால் ஐந்து மாத வாடகை போகவில்லை. பத்து நாளைக்கு முன் கதவில் வக்கீல் நோட்டீஸ் ஒட்டியிருந்ததைப் பக்கத்து வீட்டம்மா போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். ஓனர் போனில், "ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணலன்னா பூட்டை உடைச்சு சாமானைத் தெருவுல வெச்சிடுவேன்" என்கிறார். சாவி பண்ருட்டியில் உங்களிடம். ஒப்பந்தம் 20 ரூபாய் பத்திரத்தில் பதினோரு மாதத்துக்கு எழுதியது, அந்தக் கெடுவும் முடிந்து வருஷமாகிறது.

நான் வக்கீல் இல்லை. கடலூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருபது வருஷத்துக்கு மேல் கேஸ் கட்டு சுமந்தவன், வாடகை கேஸ் மட்டும் எத்தனை பார்த்தேன் என்று கணக்கில்லை. அந்த அனுபவத்தில் முதலில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத் தூங்காமல் இருக்கிறீர்கள், ஆனால் பயப்பட வேண்டியது கதவில் ஒட்டிய அந்தத் தாளில் இருக்கும் தேதிக்குத்தான். கத்துகிற ஓனரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, சத்தமில்லாமல் கோர்ட்டுக்குப் போகிற ஓனர்தான் வீட்டை வாங்குவார்.

பூட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வாடகை பாக்கி இருக்கிறது, ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது, ஆள் ஊரில் இல்லை, எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். அப்போதும் ஓனர் தானே பூட்டை உடைத்து உள்ளே போக முடியாது. சுவாதீனத்தில் இருப்பவருக்கு, அதாவது வீட்டைத் தன் வசம் வைத்திருப்பவருக்கு, அங்கே தொடர உரிமை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் சட்டத்தின் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் கிருஷ்ணா ராம் மகாலே வழக்கிலேயே சொல்லிவிட்டது. உங்கள் அண்ணனுடைய சாமான் உள்ளே இருக்கிறது, அவருடைய பூட்டு தொங்குகிறது, அதனால் அவர் குவைத்தில் இருந்தாலும் வீடு அவர் சுவாதீனத்தில்தான் இருக்கிறது. மீறி வெளியேற்றினால் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act) 6-ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம், அந்த வழக்கில் யார் சொத்து என்ற கேள்விக்கே கோர்ட் போகாது, சட்டப்படி வெளியேற்றினாயா இல்லையா என்று மட்டும்தான் பார்க்கும். கரண்ட் பியூஸைப் பிடுங்குவது, தண்ணீர்க் குழாயை மூடுவது இதெல்லாமும் கூடாது.

ஆனால் சட்டம் இப்படி இருக்கிறது என்று போனில் ஓனரிடம் வாதாடாதீர்கள். சனிக்கிழமைக்கு முன்னால் நேரில் போய் வீட்டைத் திறந்து ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள், பீரோ, பிரிட்ஜ், கட்டில், சிலிண்டர், எல்லாம் தெரியட்டும், கரண்ட் மீட்டர் எண்ணும் அதில் வரட்டும். நகை, பாஸ்புக், சர்டிபிகேட், ரேஷன் கார்டு இதையெல்லாம் அன்றைக்கே பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள். பெரிய சாமானைத் தொட வேண்டாம், பாதி காலியான வீட்டைப் பார்த்தால் "அவங்களே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க" என்று சொல்ல வசதியாகிவிடும். அப்புறம் ஓனர் பூட்டை உடைப்பதாக மிரட்டுகிறார் என்று அந்த ஏரியா ஸ்டேஷனில் ஒரு மனு எழுதிக் கொடுத்து, மனுவைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள். போலீஸ்காரர் "இது சிவில் மேட்டர்ம்மா" என்பார். "சிவில் மேட்டர்னுதான் சார் நாங்களும் சொல்றோம், அவரைக் கோர்ட்டுக்குப் போகச் சொல்லுங்க" என்று பதில் சொல்லுங்கள்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன்.

கடலூர் மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் வீடு என்பதால் பொருந்துவது 2017-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டம், வீட்டு உரிமையாளர் வாடகைதாரர் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது, இது தெரியாமல் பழைய கதை பேசுபவர்கள் டீக்கடையில் மட்டுமல்ல, கோர்ட் வாசலிலும் இருக்கிறார்கள். பழைய சட்டத்தில் "வேண்டுமென்றே வாடகை தரவில்லையா, கஷ்டத்தில் தரவில்லையா" என்று வருஷக்கணக்கில் வாதாடலாம். புதுச் சட்டத்தில் அந்த இழுவை குறைவு. இரண்டு மாத வாடகை பாக்கி, அதைக் கேட்டு முறைப்படி நோட்டீஸ், நோட்டீஸ் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் பாக்கியும் வட்டியும் முழுதாக வரவில்லை என்றால் 21-ஆம் பிரிவில் வீட்டைத் திரும்பக் கேட்டு ஓனர் ரென்ட் கோர்ட்டுக்குப் போகலாம். இதையே திருப்பிப் போட்டுப் படியுங்கள், உங்களுக்கான வழி அங்கேதான் இருக்கிறது: அந்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் வட்டியோடு ஓனரிடமோ கோர்ட்டிலோ கட்டிவிட்டால் பாக்கியைக் காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்லி உத்தரவு போட முடியாது. இந்தச் சலுகை ஒரு முறைதான், ஒரு தடவை தப்பித்துவிட்டு மறுபடியும் வருஷத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி வைத்தால் கிடைக்காது.

"அண்ணன் ஊரிலேயே இல்லையே, நோட்டீஸ் அவர் கைக்கே போகவில்லையே" என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் கேட்பதுதான். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவில் நோட்டீஸ் எப்படிக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறது: தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், அவர் வீட்டில் குடும்பத்தாரிடமோ வேலைக்காரரிடமோ கொடுக்கலாம், நேரில் தர வழியில்லை என்றால் வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டலாம். சரியான விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டால் போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். தபால்காரர் கவரின் மேல் "கதவு பூட்டியுள்ளது" என்று எழுதித் திருப்பி அனுப்பினால், அந்தத் திரும்பி வந்த கவரைத்தான் ஓனருடைய வக்கீல் முதல் ஆவணமாகக் கேஸ் கட்டில் கோர்ப்பார்.

எங்கள் ஆபீசில் ஒரு கேஸ். சிங்கப்பூரில் வெல்டர், வீடு முதுநகர் பக்கம். நோட்டீஸ் திரும்பிவிட்டது என்று வீட்டார் சந்தோஷப்பட்டார்கள், நாங்கள் அப்போது ஓனர் பக்கம். சம்மனும் திரும்பியது, கதவில் ஒட்டினார்கள், அடுத்த வாய்தாவில் எக்ஸ்பார்ட்டி, அதாவது எதிர்த்தரப்பு வராமலே உத்தரவு. உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனா வாரண்டோடு வந்து பூட்டை உடைத்தபோது நானும் கூட நின்றேன். சாமான் ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுதினார்கள், டிரங்க் பெட்டி ஒன்று, அலுமினியப் பாத்திரம் ஏழு, மின்விசிறி இரண்டு என்று, அதில் பையனுடைய பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டும் ஒரு வரி. மறுநாள் வெல்டருடைய மாமனார் வந்து, "எங்களுக்கு எதுவுமே தெரியாதே சார்" என்று அழுதார். தெரிந்திருந்தது. ஆள் இல்லாதபோது எதுவும் நடக்காது என்று நம்பியிருந்தார்கள்.

அதனால் நோட்டீஸை எப்படி ஒட்டினார்கள், நேரில் கொடுக்க முயன்றார்களா என்பதில் ஓட்டை தேடாதீர்கள். போட்டோ உங்கள் போனுக்கு வந்த நாளையே நோட்டீஸ் கிடைத்த நாளாக வைத்துக் கணக்குப் போடுங்கள். பத்து நாள் போய்விட்டது, கையில் ஏறக்குறைய இருபது நாள்.

அந்த இருபது நாளில் பணம். ஐந்து மாதம் என்றால் 37,500, நோட்டீஸ் தேதிக்குப் பிறகு இன்னொரு மாதம் சேர்ந்திருந்தால் 45,000, வட்டி தனி. "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று அண்ணன் சொல்கிறார் என்றீர்கள். ஓனர் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் கழிக்கலாம், இல்லையென்றால் அட்வான்ஸ் வேறு, வாடகை வேறு என்றே வைத்துக்கொள்ளுங்கள், காலி செய்யும்போது கழிவு போகத் திரும்ப வர வேண்டிய பணம் அது. பாதி கட்டிவிட்டுப் பாதியை அட்வான்ஸ் என்று சொல்லிக்கொண்டு கோர்ட்டில் நிற்பது ஆபத்து, சட்டம் கேட்பது முழுப் பாக்கி. பணம் எப்பாடுபட்டாவது கிடைக்கும் என்றால் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், எந்தெந்த மாதத்து வாடகை என்று குறிப்பில் எழுதுங்கள். அண்ணன் தன் கணக்கிலிருந்தே அனுப்பினால் இன்னும் நல்லது. நீங்கள் அனுப்பினால் "என் அண்ணனுக்காக" என்று ஒரு வாட்ஸப் செய்தியாவது ஓனருக்குப் போகட்டும். அவர் வாங்க மறுத்தால், கணக்கு எண் தரமாட்டேன் என்றால், மணியார்டர் அனுப்பி மறுத்ததற்குச் சான்று வைத்துக்கொண்டு, டெபாசிட் கட்டும் வழிக்கு வக்கீலைப் பாருங்கள். ஒரு மாதக் கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது இதை ஆரம்பிக்கக் கூடாது.

நோட்டீசுக்குப் பதில் கட்டாயம் அனுப்புங்கள். இதற்குப் பவர் (அவருக்காக நடந்துகொள்ள உங்களுக்கு எழுதித் தரும் அதிகாரப் பத்திரம்) எல்லாம் தேவையில்லை, அண்ணன் வாட்ஸப்பிலோ மெயிலிலோ வக்கீலிடம் விவரம் சொன்னால் அவர் தன் லெட்டர்ஹெட்டில் பதில் போட்டுவிடுவார். பதில் நீளமாக இருக்க வேண்டாம். ஓனர் இத்தனை நாள் மழையில் ஒழுகியதைச் சரி செய்யவில்லை, மோட்டார் ஓடவில்லை என்று பழைய புகாரையெல்லாம் அடுக்கத் தோன்றும், அடுக்கினால் நோட்டீஸ் போட்ட வக்கீலுக்குத்தான் வேலை கொடுக்கிறீர்கள். பாக்கி இருப்பது உண்மை, காரணம் இது, இந்தத் தேதிக்குள் கட்டுகிறோம், சட்டத்தை மீறி வீட்டுக்குள் நுழையக் கூடாது, இனி எல்லாக் கடிதமும் இந்தப் பண்ருட்டி விலாசத்துக்கு, இந்த போன் எண்ணுக்கு. அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். அது போன பிறகு, பூட்டிய வீட்டுக்கே சம்மன் அனுப்பி எக்ஸ்பார்ட்டி வாங்கினால் அதை உடைக்க உங்களுக்கு நல்ல பிடி கிடைக்கும்.

கேஸ் வந்துவிட்டால் பவர் வேண்டும். குவைத்தில் இந்தியத் தூதரகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டு அத்தாட்சி வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும், மாவட்டப் பதிவாளர் ஆபீசில் கேட்டால் சொல்வார்கள். கம்பெனி லீவு கொடுக்காமல் தூதரகத்துக்குப் போவதே இரண்டு வாரம் ஆகும், கூரியர் ஒரு வாரம், அதனால் கேஸ் வரட்டும் பார்க்கலாம் என்று இருக்காமல் இப்போதே ஆரம்பிப்பது நல்லது. வக்கீலை அமர்த்துவதற்கான வக்காலத்தும் அதோடு சேர்த்தே கையெழுத்தாகி வரட்டும். பவர் வைத்திருப்பவர் அண்ணனுக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவருக்குப் பதிலாகச் சாட்சி சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் சொல்லியிருக்கிறது, அதனால் ஓனரிடம் நீங்களே நேரில் பேசியது, நீங்களே அனுப்பிய பணம் என்று உங்கள் கையால் நடந்தவை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வசதி.

எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டாலும் கதை முடியவில்லை, அதை நீக்கச் சொல்லி அதே கோர்ட்டில் மனுப் போடலாம், உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் ரென்ட் டிரிப்யூனலுக்கு மேல்முறையீடும் போகலாம். ஆனால் அதற்குள் அமீனா வந்துவிட்டால் கோர்ட்டுக்கு அலைகிற செலவில் இரண்டு மாத வாடகை போய்விடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அந்த வீடு இன்னும் வேண்டுமா? அண்ணன் இன்னும் இரண்டு வருஷம் வரப்போவதில்லை, அண்ணி குழந்தையோடு தாய்வீட்டில், பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு மாதம் 7,500. தென்பெண்ணையில் 2024 டிசம்பரில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊர் நம்முடையது, ஆளில்லாத வீட்டில் சாமானை விட்டுவைப்பது எனக்கு அப்போதிருந்தே பிடிக்காது. பாக்கியைக் கட்டி இந்த நோட்டீஸைத் தாண்டினாலும், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாத வீடு உங்களுடையது. எழுத்து ஒப்பந்தத்துக்கு இரு தரப்பும் வராததையே காரணமாக்கி வீட்டைத் திரும்பக் கேட்கவும் அதே 21-ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறார்கள். ஆக 45,000 கட்டி நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல, கொஞ்ச காலத்தை. அண்ணி அடுத்த மாதமே குழந்தையோடு திரும்பி வரப்போகிறார், பள்ளிக்கூடம் பக்கத்தில் என்றால் அது நியாயமான செலவு. இல்லையென்றால் எனக்கு நியாயமாகப் படவில்லை.

வேண்டாம் என்று முடிவானால் ஓனரிடம் பேசுவதற்கு உங்கள் கையில் நல்ல கணக்கு இருக்கிறது. பாக்கி 37,500, அட்வான்ஸ் 25,000, மிச்சம் 12,500. கேஸ் போட்டால் அவருக்கு வக்கீல் பீஸ், அலைச்சல், வீடு கைக்கு வரும் வரை வாடகை கிடையாது. இந்த மாதக் கடைசியில் காலி செய்து சாவி தருகிறோம், அட்வான்ஸைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை இரண்டு தவணையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். ஓனரும் பெரிய பணக்காரர் இல்லை, அந்த வாடகையில்தான் மருந்து மாத்திரை வாங்குகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு வேண்டியது சண்டை இல்லை, வீடு. நேரில் போகும்போது தெருவில் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள், வாய்ச் சண்டை வராது. பேச்சு ஒத்துவராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். கேஸ் கோர்ட்டுக்குப் போகும் முன்பே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) வைத்து முடிக்க முடியும், அங்கே எழுதிய தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் ஓனருக்கும் நம்பிக்கை வரும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "வீடு சும்மாதானே கிடக்கு" என்று சொந்தக்காரப் பையன் யாரையாவது உள்ளே குடிவைக்க வேண்டாம். ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேறு ஆளிடம் வீட்டைக் கொடுப்பது தனியாக இன்னொரு காரணம், பாக்கியை முழுக்கக் கட்டினாலும் அது தீராது.

உங்கள் கேள்வியின் கீழே ஒருவர் தனக்கும் இதே பிரச்சினை, வீடு கன்னியக்கோயில் பக்கம் என்று சேர்த்துக் கேட்டிருந்தார். முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி, நான் மேலே சொன்ன 2017 சட்டம் அங்கே செல்லாது. புதுச்சேரிக்கென்று 1969-இலேயே தனியாக வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டார்கள், கெடு, மனு, கோர்ட் எல்லாம் அங்கத்திய கணக்கு, புதுச்சேரி வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். பூட்டை உடைக்கக் கூடாது என்பதும் நோட்டீசுக்குப் பதில் போட வேண்டும் என்பதும் மட்டும் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். கடலூரிலேயே ஊராட்சி எல்லையில் வீடு என்றால் நகர்ப்புறத்துக்கான 2017 சட்டம் வராது, சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி 15 நாள் நோட்டீஸ் கொடுத்து சிவில் கோர்ட்டுக்குப் போவார்கள்.

காலி செய்கிற நாளில் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஓனரையே வரச் சொல்லுங்கள். வெறும் வீட்டை அவர் நிற்க வீடியோ எடுத்து, மீட்டர் அளவைக் குறித்து, அன்று வரை கரண்ட் பில்லைக் கட்டி, "வீட்டையும் இரண்டு சாவியையும் பெற்றுக்கொண்டேன், வாடகை பாக்கி இவ்வளவு, அட்வான்ஸில் கழித்தது இவ்வளவு, இனி ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கல் இல்லை" என்று இரண்டு பிரதி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், கூட வந்த பெரியவர் சாட்சி. மிச்சம் தவணை என்றால் அந்தத் தேதிகளையும் அதிலேயே எழுதிவிடுங்கள், அந்தக் கொடுக்கல் வாங்கல் வரியைக் கடைசித் தவணை கட்டிய பிறகு தனி ரசீதாக வாங்கினால் போதும். நோட்டீஸ் போட்ட வக்கீலுக்கும் அதில் ஒரு ஜெராக்ஸ் அனுப்பிவிடுங்கள், ஓனர் சொல்ல மறந்து அவர் பாட்டுக்குக் கேஸைத் தாக்கல் செய்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.